அண்ணியின் கண்ணாடிக் குண்டுகள்

என் அண்ணிக்கு வீட்டில் ‘குண்டு அண்ணி’ என்று பெயர். ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும். காற்றடித்தால் பறந்துபோகிற உடம்பு. அந்தப் பெயர் உடம்பால் வந்ததில்லை, அவர் சேர்த்துவைத்த கண்ணாடிக் குண்டுகளால் வந்தது. மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைப்போமே, பேப்பர் வெயிட், அதுதான். அதிலும் எல்லாவற்றையும் சேர்க்க மாட்டார். நூற்று எழுபது, நூற்று எண்பது வருஷங்களுக்கு முன்னால் பிரான்ஸில் செய்தவை மட்டும். ஒருமுறை பேருந்தில் நின்றபடி நான் போனில், “நாளைக்கு அண்ணிகூட குண்டு வாங்கப் போறேன், நல்ல குண்டா ரெண்டு மூணு வந்திருக்காம்” என்று சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்து முன்பக்கம் போய்விட்டார். இடம் கிடைத்ததே என்று நான் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

அண்ணி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிட்டர். முன்பக்கம் பிரேம்களைப் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் கூடத்தில் அவரைப் பார்க்க முடியாது. அதற்குப் பின்னால், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படுகிற பட்டறையில் இருப்பார். வட்டமாக வருகிற லென்ஸைப் பிரேமின் வடிவத்துக்கு ஓரம் அரைத்து, பொருத்தி, திருகு முடுக்கிக் கொடுப்பது வேலை. அரைக்கும் கல்லின்மேல் சதா தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அதனால் அவர் விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்துக் கிடக்கும். எனக்கு எதிர்ச்சாரி மருந்துக்கடையில் வேலை. மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சாலையைக் கடந்து போவேன். பட்டறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டு பேரும் சாப்பிடுவோம். இந்தக் கதையில் பாதி அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டது. மீதி நானே கூட இருந்து பார்த்தது.

முதல் குண்டு அந்தக் கடையிலேயே கிடைத்தது. கடை முதலாளி எப்போதோ இழுத்து மூடிய வேறொரு கடையின் சாமான்களை மொத்தமாக வாங்கியிருந்தார். அதோடு வந்த கண்ணாடிக் குண்டு ஒன்று பில் புத்தகத்தின்மேல் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தது. மேலே ஒரே கீறல். வேலை ஓய்ந்த ஒருநாள் முதலாளி அதை அண்ணியிடம் கொடுத்து, “சும்மா இருக்கிற நேரத்துல கொஞ்சம் பாலிஷ் போட்டுக் குடும்மா, அழுக்குமூட்டை மாதிரி இருக்கு” என்றார்.

அண்ணி கல்லில் வைப்பதற்கு முன்னால், எந்த லென்ஸையும் பார்ப்பதுபோல அதையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். உள்ளே நெருக்கி நெருக்கிப் பூக்கள். அவற்றுக்கு நடுவே, மிளகளவு வெள்ளை வட்டத்துக்குள் ஒரு கறுப்பு நாய். காதைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தது. அண்ணிக்கு அன்றைக்கு வயது இருபத்தெட்டு. “அந்த நாய் என்னைத் திரும்பிப் பாத்த மாதிரி இருந்துச்சு” என்று பிறகு சொல்வார். அவ்வளவுதான். ஆள் விழுந்துவிட்டார்.

பாலிஷ் போடவில்லை. முதலாளியிடம் போய், “சார், இது ரொம்பப் பழசு. அரைச்சா கெட்டுடும். விலை போகிற பொருள்” என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். முதலாளி, “எனக்குக் காகிதம் பறக்காம இருந்தா போதும்மா. இதைவிட கனமா ஒண்ணு வாங்கிக் குடு, நீயே எடுத்துக்கோ” என்றார். அண்ணி பித்தளையில் கனமாக ஒன்று வாங்கி வைத்துவிட்டு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் அலைந்து அவரே தெரிந்துகொண்டது ஏராளம். மெல்லிய வண்ணக் கண்ணாடிக் கம்பிகளைக் கட்டாகச் சேர்த்து, சூட்டில் இழுத்து நீட்டி, ஆறியதும் குறுக்கே துண்டு துண்டாக நறுக்குவார்களாம். நறுக்கிய முகத்தில் ஒரு பூ தெரியும், ஒரு நட்சத்திரம் தெரியும், சிலவற்றில் ஒரு சேவலோ ஆடோ தெரியும். அந்தத் துண்டுகளை அடுக்கி, மேலே தெளிந்த கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டால், அந்த மேடே பூதக்கண்ணாடியாகி உள்ளே இருப்பதைப் பெரிதாகக் காட்டும். பிரான்ஸில் மூன்று பெரிய கண்ணாடிச் சாலைகள் பத்துப் பதினைந்து வருஷம் இதைப் போட்டி போட்டுச் செய்தன. பிறகு மவுசு போய்விட்டது. சிலவற்றில் வருஷத்தையும் கண்ணாடிக் கம்பியிலேயே எழுதிப் புதைத்திருப்பார்கள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்கிற என் அண்ணன், கல்யாணமான புதிதில் இதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டான். பிறகு வாயை மூடிக்கொண்டான். ஆனால் மனைவிமேல் உயிர். ஒரு பிறந்தநாளுக்கு ஜன்னலோரமாகக் கண்ணாடித் தட்டு ஒன்று அடித்து, பீரோவுக்குள் துணி சுற்றிக் கிடந்த ஆறு குண்டுகளையும் எடுத்து வரிசையாக வைத்தான். காலை வெயில் அவற்றில் விழுந்து சுவரெல்லாம் வண்ணம். எல்லோரும் கைதட்டினோம். பத்து மணிக்குத் தீய்ந்த வாடை. அடுப்படியில் ஒன்றுமில்லை. குண்டு ஒன்று வெயிலைக் குவித்துத் திரைச்சீலையில் ரூபாய் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டது. “லென்ஸ் கடையில வேலை பாக்கிறவ நான். எனக்கே தோணல பாரு” என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். குண்டுகள் பீரோவுக்கே திரும்பிப் போயின.

எங்கள் ஊரில் ஒரு ஏலக்கூடம் உண்டு. பழைய வீடுகளைக் காலி செய்கிறவர்கள் சாமான்களை அங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை கண்ணாடிச் சாமான் ஏலம் நடக்கும். அங்கேதான் அண்ணிக்குக் கப்பல்காரர் அறிமுகமானார்.

கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் அந்தப் பெயர். துறைமுகம் துறைமுகமாகப் போய், மற்றவர்கள் சட்டையும் செண்டும் வாங்கிய நேரத்தில் இவர் குண்டு வாங்கியிருந்தார். முப்பதுக்கு மேல் வைத்திருந்தார். மனைவி இல்லை, ஒரே மகள், பள்ளிக்கூட ஆசிரியை. முன்வரிசையில் ஓர நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் போய் நின்று தொண்டையைக் கனைப்பார். அண்ணியை அவர் ‘ஃபிட்டரம்மா’ என்று கூப்பிடுவார். அண்ணி அவரை ‘சார்’ என்பார். இரண்டு பேருக்கும் ஒன்பது வருஷம் ஏட்டிக்குப் போட்டி.

பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். பச்சைப் பாம்பு சுருண்டு கிடக்கும் குண்டு ஒன்றுக்காக அண்ணி ஒரு வருஷம் சினிமா, ஹோட்டல் எல்லாவற்றையும் விட்டிருந்தார். கப்பல்காரர் மூச்சுக்கூட மாறாமல் எண் அட்டையைத் தூக்கித் தூக்கி அதை எடுத்துக்கொண்டு போனார். இன்னொரு தடவை, அண்ணி கண் வைத்திருந்த ஒன்றைக் காட்டி, “அடியில விரிசல் இருக்கு ஃபிட்டரம்மா, பாத்தீங்களா?” என்று பரிதாபமாகச் சொன்னார். அண்ணி நம்பிப் பின்வாங்க, அதையும் அவரே எடுத்தார். விரிசலும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணி அவரை ஜெயித்தது ஒரே ஒரு தடவை. அதுவும் அவர் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில். “நேர்மையான வெற்றிதான்” என்று அண்ணி இன்றைக்கும் சாதிப்பார்.

பத்தாவது வருஷம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அந்த ஏலத்துக்கு நானும் போயிருந்தேன். ஏலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பொருள்களை எடுத்துப் பார்க்கலாம். நீள மேசையில் அறுபத்து நாலாம் எண் ஒட்டிய ஒரு குண்டு இருந்தது. நெருக்கமாகப் பூக்கள், நடுவில் 1848 என்ற வருஷம். பார்த்தவுடன் எனக்கே கை அதன் பக்கம் நீண்டது. அண்ணி அதை உள்ளங்கையில் ஏந்தி இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். திருப்பி அடியைப் பார்த்தார். பிறகு மேசையிலேயே வைத்துவிட்டார்.

“என்ன அண்ணி?”

“புதுசு. போன வருஷமோ, அதுக்கு முந்தின வருஷமோ செஞ்சது. எடை பத்தலை. அடியில பாரு, கீறலெல்லாம் ஒரே சுத்தா வட்டமா இருக்கு. மேசை மேல வெச்சு வெச்சு எடுத்தா கீறல் கண்டபடிக்குத்தான் விழும். இது உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சது. நான் தினமும் தேய்க்கிறவ, எனக்குத் தெரியாதா?”

ஏலக்கூடத்தார் யாரையும் ஏமாற்றவில்லை. பட்டியலில் பொடி எழுத்தில் ‘பிரெஞ்சுப் பாணி’ என்று போட்டிருந்தார்கள். அதாவது, பிரெஞ்சு இல்லை என்று அர்த்தம். தெரிந்தவர்கள் அதைப் படித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போனார்கள்.

அப்போது கப்பல்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மகள் நாற்காலி போடப் போனதும் மேசைக்கு எதிரே நின்றார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். மேசைப் பணியாளிடம், “ஏதோ வருஷம் போட்ட குண்டு வந்திருக்காமே, எந்த வருஷம்?” என்று கேட்டார். “ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தெட்டு சார்.” “தெளிவா இருக்கா?” “நல்லா தெரியுது சார்.” கப்பல்காரர் முகம் மலர்ந்துவிட்டது. பட்டியலை வாங்கி, தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் வைத்து இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்னைக் கடக்கும்போது, “வணக்கம் ஃபிட்டரம்மா” என்றார். அண்ணி எனக்கு நாலடி தள்ளி நின்றிருந்தார்.

அண்ணி என் முழங்கையைப் பிடித்தார்.

“இவருக்கு நடுப்பார்வை போயிடுச்சுடி” என்றார் மெதுவாக. “ஓரத்துலதான் தெரியுது. அதான் தலையைச் சாய்ச்சுப் பாக்கிறாரு. எங்க கடைக்கு வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வருவாங்க. பொடி எழுத்தெல்லாம் இவரால படிக்கவே முடியாது.”

“அப்போ போய்ச் சொல்லிடுங்க.”

அண்ணி போனார். “சார், அந்த அறுபத்தி நாலு இருக்கே...” என்று ஆரம்பித்தார்.

கப்பல்காரர் விரலை ஆட்டிச் சிரித்தார். “விரிசல் இருக்கா? அந்தப் பாட்டை நான் எழுதினவன், ஃபிட்டரம்மா. எனக்கேவா?” சுற்றியிருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில், ‘உங்களால் பட்டியலைப் படிக்க முடியவில்லை’ என்று எப்படிச் சொல்வது? அண்ணி திரும்பிவிட்டார். மகளிடமாவது சொல்லலாம் என்று தேடினார். அதற்குள் மணி அடித்து, எல்லோரும் உட்கார்ந்து, ஏலம் ஆரம்பித்துவிட்டது.

அறுபத்து நாலு வந்தது. ஏலம் விடுபவர் சின்னத் தொகையில் தொடங்கினார். கப்பல்காரர் அட்டை உடனே உயர்ந்தது. வேறு யாரும் தூக்கவில்லை. அதோடு முடிந்திருந்தால் அற்ப விலையில் ஒரு போலி அவர் வீட்டுக்குப் போயிருக்கும், பெரிய நஷ்டமில்லை. ஆனால் பின்வரிசையில் பழைய சாமான் வியாபாரி ஒருவன் இருந்தான். கிழவர் இதை நிஜமென்று நினைக்கிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. விளையாட்டுக்கு அட்டையைத் தூக்கினான். கப்பல்காரர் ஏற்றினார். அவன் மறுபடி தூக்கினான். பின்னால் கிசுகிசுப்பு ஆரம்பித்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கப்பல்காரர் மட்டும் நிமிர்ந்து, நேரே வெறுமையைப் பார்த்துக்கொண்டு, அட்டையை உயர்த்திக்கொண்டே இருந்தார்.

என் பக்கத்தில் அண்ணியின் கை மேலே போனது.

“அண்ணி!” என்று நான் அவர் தொடையைக் கிள்ளினேன். “போலின்னு நீங்கதானே சொன்னீங்க!”

“சும்மா இரு.”

அண்ணியின் அட்டை உயர்ந்ததும் சிரிப்பு பட்டென்று நின்றது. ஃபிட்டரம்மாவே கேட்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது போலிருக்கிறதே என்று பட்டியலைப் புரட்டும் சத்தம். வியாபாரி குழம்பிப்போய்க் கையை இறக்கிவிட்டான். இப்போது இரண்டு பேர் மட்டும். கப்பல்காரர் விடவில்லை. அண்ணியும் விடவில்லை. விலை ஏறி, நிஜமான குண்டின் விலைக்கே போய்விட்டது. கடைசியில் மகள் அப்பாவின் தோளை அழுத்தி ஏதோ சொல்ல, அவர் அட்டையை மடியில் வைத்தார்.

“ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்.”

சுத்தியல் விழுந்தது. கப்பல்காரர் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். அண்ணி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாஷிங் மெஷின் போச்சு” என்றார்.

உண்மையில் போய்விட்டது. அதற்கென்று எடுத்துவைத்திருந்த சேமிப்புதான் அது. அண்ணன் நடந்ததை முழுக்கக் கேட்டான். ரொம்ப நேரம் குண்டையே பார்த்தான். பிறகு, “ஏண்டி, அந்த ஆளு உன்னை ஏமாத்தினவர்தானே?” என்றான்.

“ஆமா.”

“அப்புறம் என்ன?”

“அவரைப் பாத்துச் சிரிச்சாங்க. எனக்குத் தாங்கல.”

எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் போர்வைகளை அண்ணனே தொட்டியில் போட்டு மிதித்தான். “நான் மிதிக்கிறது துணி இல்ல, நாப்பத்தெட்டாம் வருஷம்” என்று என்னிடம் மட்டும் முணுமுணுத்தான்.

வெளியே வேறு கதை ஓடியது. அந்தக் குண்டு போலி என்பது ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் பரவிவிட்டது. ‘அவ்வளவு கெட்டிக்காரி ஃபிட்டரம்மாவே கோட்டை விட்டுட்டாங்க’ என்று பேச்சு. முன்பெல்லாம் புதிதாக எதையாவது வாங்கினால் அண்ணியிடம் காட்டி அபிப்பிராயம் கேட்க வருகிற இரண்டு மூன்று பேர், வருவதை நிறுத்திவிட்டார்கள். கப்பல்காரர் காதுக்கு மட்டும் அந்தப் பேச்சு போகவில்லை. அன்றைய கோபத்தில் அவர் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டோம். அண்ணி யாரிடமும் வாய் திறக்கவில்லை. மனசு நோகவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த மாதங்களில் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடும்போது பாதியில் டப்பாவை மூடிவிடுவார்.

ஏழெட்டு மாதம் கழித்து, மகள் அப்பாவை அண்ணியின் கடைக்கு அழைத்துவந்தார். கண் டாக்டர் சீட்டோடு. படிப்பதற்குத் தாங்கி வைத்த பூதக்கண்ணாடி, கண்கூச்சம் தடுக்கும் மஞ்சள் கண்ணாடி. கப்பல்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “உங்களை விட்டா சரியா செய்ய ஆள் இல்லைன்னு மூணு பேர் சொல்லிட்டாங்க. அதான் வந்தேன்” என்றார். அண்ணி அளவெடுத்து, பொருத்தி, மூக்கில் அழுத்தாமல் வளைத்து, நாலு தடவை கழற்றி மாட்டிச் சரிபார்த்துக் கொடுத்தார். கிளம்பும்போது அவர் நின்றார்.

“அந்த நாப்பத்தெட்டை ஒரு தடவை என் கையில குடுக்கணும். பாக்க முடியாது, பரவாயில்ல. தொட்டாவது பாக்கிறேன்.”

அண்ணி வீட்டில் இருக்கிறது என்றார். சாவி இல்லை என்றார். வெளியூர் போகிறேன் என்றார். அவர் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலி போட்டான். அண்ணி குண்டைக் கொண்டுவந்து அவருடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்தார்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு தடவை எடை பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் அடிப்பக்கத்தைச் சுற்றி வருடினார். அவர் முகத்தில் இருந்த ஆசை அப்படியே வடிந்தது.

“இது போலி.”

“ஆமா சார். நான் ஏமாந்துட்டேன்” என்றார் அண்ணி.

“பொய் சொல்லாதீங்க. கண்ணு தெரியாத எனக்கே விரல்ல தெரியுது. தினமும் கண்ணாடி அரைக்கிற உங்களுக்கா தெரியாது?” குண்டை மடியில் இறக்கினார். “பட்டியல்ல என்ன போட்டிருந்தாங்க?”

மகள்தான் போனில் பழைய பட்டியலைத் தேடி எடுத்துப் படித்தார். “பிரெஞ்சுப் பாணி, அப்பா.” மகளும் அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, குரல் உள்ளே போய்விட்டது.

கப்பல்காரர் நன்றி சொல்வார், கண் கலங்குவார் என்றெல்லாம் நான் நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது. கன்னமெல்லாம் சிவந்துவிட்டது.

“யாரைக் கேட்டு இதைப் பண்ணீங்க? நான் ஏமாந்தா என் காசு, என் மானம். உங்ககிட்ட பிச்சை கேட்டேனா? அன்னைக்கு நான் ஏன் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன் தெரியுமா? எடுத்தா திரும்ப எங்கே வைக்கிறதுன்னு தெரியாது. தடுமாறினா ஊருக்கே தெரிஞ்சுடும். அதை மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்க என்னடான்னா நின்ன இடத்துல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு, இத்தனை மாசமா மனசுக்குள்ள வெச்சிருந்திருக்கீங்க!”

குண்டை மேசைமேல் வைத்தார். அது மேசை விளிம்பிலிருந்து சரியப் போக, அண்ணன் பாய்ந்து பிடித்தான். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். காபி ஆறிப்போனது.

எனக்கு வந்ததே ஆத்திரம். “நல்லது செஞ்சவங்களுக்கு இதுதான் மரியாதையா?” என்று குதித்தேன். அண்ணி சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

“அவர் சொல்றதுல நியாயம் இருக்குடி” என்றார். “காதுல சொல்லியிருக்கணும். என்ன பண்ணியிருந்தாலும், அவர் நம்புற வரைக்கும் சொல்லியிருக்கணும். கையைத் தூக்குறது எனக்குச் சுலபமா இருந்துச்சு.”

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் கப்பல்காரர் கடைக்குப் போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லையாம்.

“அடுத்த மாசம் ஏலம் இருக்கு. எனக்குப் பட்டியல் படிக்க ஆள் வேணும். நீங்க வர்றீங்களா?”

“வர்றேன் சார்.”

“ஒரு நிபந்தனை. நான் முட்டாள்தனம் பண்ணினா காதுல சொல்லணும். கையைத் தூக்கக் கூடாது.”

“சரி சார். நீங்களும் விரிசல் இருக்குன்னு சொல்லக் கூடாது.”

அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் காதுவரைக்கும் கேட்டது.

அந்த ஏலத்தன்று பொருள்களை எடுத்துப் பார்க்கிற நேரத்தில் கூட்டம் டீ குடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பழைய சாமான் வியாபாரி அண்ணியைப் பார்த்ததும், “என்ன ஃபிட்டரம்மா, இன்னைக்கும் பிரெஞ்சுப் பாணி எதாவது வாங்கப் போறீங்களா?” என்றான். கப்பல்காரர் டீ கோப்பையைத் தடவிப் பார்த்து மேசையில் வைத்துவிட்டு, அவன் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“அது போலின்னு இவங்களுக்கு முன்னாடியே தெரியும். எனக்குத்தான் தெரியல. ஏன்னா எனக்குக் கண்ணு தெரியல. ஒன்றரை வருஷமா தெரியல. நீங்க என்னை வெச்சு விளையாடினீங்க, இவங்க குறுக்கே வந்து நின்னாங்க. போதுமா? இனிமே யாருக்காவது சிரிக்கணும்னா என்னைப் பாத்து நேராச் சிரிக்கலாம். எந்தப் பக்கம் சிரிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. வியாபாரி தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். கப்பல்காரர் மேசைக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் கைகளை நீட்டினார். அண்ணி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, வாங்கி வைத்தார்.

அதிலிருந்து நாலு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அண்ணி கண்ணால் பார்த்ததைச் சொல்வார்: “ஊதாப் பூ, சார், நடுவுல மஞ்சள், தண்டு கொஞ்சம் கோணல்.” அவர் விரலால் பார்த்ததைச் சொல்வார்: “மேடு தாழ்வா இருக்கு. யாரோ பிற்பாடு அரைச்சிருக்காங்க.” சண்டைக்கும் குறைவில்லை. இரண்டு பேருமே ஆசைப்பட்டால் யார் கேட்பது என்று நாணயம் சுண்டிப் பார்ப்பார்கள். பூவா தலையா என்று அண்ணிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். “நீங்க சொல்றதை நம்பித்தான் ஆகணும், என்ன செய்ய” என்று கப்பல்காரர் பெருமூச்சு விடுவார். அண்ணி ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை என்று என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார். அபிப்பிராயம் கேட்கிறவர்களும் பழையபடி வர ஆரம்பித்தார்கள்.

எண்பதாவது வயதில் கப்பல்காரர் மகள் வீட்டோடு போய் இருக்க முடிவு செய்தார். அங்கே ஒரு அறைதான். குண்டுகளை விற்கப் போகிறேன் என்றார். மகள் தயங்கினார், அவர் தயங்கவில்லை. எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, தனக்கென்று ஐந்தை எடுத்து வைத்தார். அவர் எடுத்தவற்றைப் பார்த்து அண்ணி அசந்துபோனார். பாம்பு இல்லை, வருஷம் போட்டவை இல்லை, பேர்போனவை எதுவும் இல்லை. சுற்றிலும் பட்டை பட்டையாகச் சீவி, விரல் பதிவதற்கு வாட்டமாக இருந்த ஐந்து.

“இதெல்லாம் சாதாரணம் சார்.”

“பாக்கிறதுக்குச் சாதாரணம். பிடிச்சுப் பாருங்க.”

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை என்றார்.

விற்பனை நாளன்று முன்வரிசை ஓர நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் அண்ணி, அடுத்து மகள், அடுத்து நான். அண்ணி எதற்கும் அட்டை தூக்கவில்லை. யார் தூக்குகிறார்கள், யார் விட்டுவிட்டார்கள் என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

“நிறைய வாங்கினது யாரு?” என்று கப்பல்காரர் கேட்டார்.

“ஒரு பொண்ணு சார். முப்பது வயசு இருக்கும். இதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல. நாலு எடுத்திருக்கா. காகிதத்துல சுத்திக் குடுக்கிறதை ஒவ்வொண்ணாப் பிரிச்சுத் திரும்பத் திரும்பப் பாக்கிறா.”

“எப்படித் தூக்கிக்கிட்டுப் போறா?”

அண்ணி எட்டிப் பார்த்தார். “பெட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் சார்.”

“படி இருக்குன்னு சொல்லுங்க, அந்தக் கதவுகிட்ட. பாக்காம விழுந்துடப் போறா” என்றார். அண்ணி எழுந்து அவள் பின்னால் வேகமாக நடந்தார்.